உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆளாக இருந்த காலம்

தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். பழைய ஆசிரியப் பட்டமும் பி.டி., இறையியல் பட்டமும் பி.டி. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘டி’தான். நாகர்கோவிலில் ஒரு பழைய வீட்டு வாசலில் ‘பி.ஏ., பி.டி.’ என்று பலகை தொங்கினால், உள்ளே இருந்தவர் ஹைஸ்கூல் வாத்தியாரா, சபைப் போதகரா என்று பலகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வேறு ஊர்களில் இது வெறும் எழுத்துக் குழப்பம். நம்ம ஊர்ல இதுக்குப் பின்னாடி இருநூறு வருஷக் கதை ஒன்று இருக்கு.

டிகிரி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்றைக்கும் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஊழியத்துக்குப் படிக்க அனுப்பலாமா, பி.எட். சேர்க்கலாமா, ரெண்டையும் சேர்த்து முடிக்க ஏதாவது வழி உண்டா? கேட்பவர்கள் மனதில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டு வேலைகள். அப்படி நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, இங்கே வரலாறு அப்படித்தான் இருந்தது. ஆனால் இன்றைய சட்டமும் பட்ட முறையும் அப்படி இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் பணம் கட்டிச் சேர்பவர்கள் பிறகு சிரமப்படுகிறார்கள். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

1806-ல் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்தார். பிரஷ்யா நாட்டுக்காரர். அவர் வருவதற்கு முன்பே அங்கே கிறிஸ்தவராகியிருந்தவர் மகாராசன் வேதமாணிக்கம். மைலாடி, தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சிறு சிறு சபைகள் உருவானபோது, சபையோடு சேர்ந்தே எழுத்துப் படிப்பும் நடந்தது. ரிங்கல்தௌபே 1816-ல் கிளம்பிப் போனபின், அடுத்த மிஷனரி வரும்வரை வேதமாணிக்கம்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எந்தப் பட்டமும் இல்லாமல் ஒரு மனிதர் முழு மிஷனையும் தாங்கிய காலம் அது.

சார்லஸ் மீட் மைலாடி வந்து சேர்ந்தது 1818 தொடக்கத்தில். விரைவிலேயே மிஷனின் மையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி பார்வதி பாய். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் முயற்சியில், மிஷனுக்கு நாகர்கோவிலில் ஒரு பங்களாவும், வயல் வாங்க 5,000 ரூபாயும் ராணி கொடுத்தார். அந்த வயல்களின் வருமானம் மீட் தொடங்கிய செமினரிக்குப் போனது. எனக்கு இந்த விவரம் ரொம்பப் பிடிக்கும். நாஞ்சில் நாடு என்றாலே நெல்தான். தென்திருவிதாங்கூரின் முதல் இறையியல் மாணவர்களும் முதல் பயிற்சி ஆசிரியர்களும் படித்தது நாஞ்சில் நெல்லில், அதுவும் ஒரு இந்து ராணி கொடுத்த பணத்தில் வாங்கிய வயலில் விளைந்த நெல்லில்.

இன்னொரு தற்செயல்: அதே 1818-ல்தான் வங்காளத்தில் கேரி, மார்ஷ்மேன், வார்டு மூவரும் செராம்பூர் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1827-ல் டென்மார்க் அரசர் அதற்குப் பட்டம் வழங்கும் சாசனம் கொடுத்தார். நாகர்கோவிலுக்கும் செராம்பூருக்கும் அப்போது பெரிய தொடர்பு கிடையாது. பின்னால் வரும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, நாகர்கோவில் செமினரி யாரை உருவாக்கியது? இன்றைக்கு ‘செமினரி’ என்றதும் போதகர் படிப்பு என்றுதான் நினைப்போம். அன்று அப்படி இல்லை. வேதாகமம், தமிழ், ஆங்கிலம், கணக்கு, பூகோளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். படித்து வெளியே வந்தவனை மிஷன் ஒரு ஊருக்கு அனுப்பும். அங்கே அவன் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்த வேண்டும், நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும், சச்சரவு வந்தால் பேசித் தீர்க்க வேண்டும். பெரிய ஊராக இருந்தால் உபதேசியார் ஒருவர், பள்ளி வாத்தியார் ஒருவர். சின்ன ஊரில் ரெண்டும் ஒரே ஆள்.

இதற்கு இறையியல் காரணம் ஒன்று உண்டு. புராட்டஸ்டன்ட் வழிபாடு புத்தகத்தைச் சுற்றி நடப்பது. வாசிக்கத் தெரியாத சபையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே ஊழியத்தின் முதல் படியாக ஆகிவிட்டது. ஆனால் அதைவிட வலுவானது சாதாரணக் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு இல்லை. ஒரு ஓலைக் கூரை, ஒரு சம்பளம். வாரநாளில் அந்தக் கூரைக்குக் கீழே பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதே இடம் கோயில். ‘பள்ளி’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். சமணர் காலத்திலிருந்து வழிபாட்டிடத்துக்கும் படிப்பிடத்துக்கும் பொதுவாக இருந்த சொல் அது. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் மலையாளம் கலந்து பேசுகிறவர்களுக்குப் பள்ளி என்றால் இன்றைக்கும் தேவாலயம்தான்.

இது நாகர்கோவிலின் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு இருந்த காலத்திலேயே, 1716-ல், ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்று கல்வி வரலாற்றுப் புத்தகங்கள் அதைத்தான் குறிப்பிடும். பி.எட். படித்தவர்கள் ஒரு மார்க் கேள்வியாக இதைப் பார்த்திருப்பீர்கள். அது போதகர் பயிற்சியும் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் ரேனியஸ் 1820-களில் செய்ததும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு.

பயிற்சி என்று சொன்னாலும் கற்பித்தல் முறை ஒன்றும் பெரிதாக இல்லை. சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் 1790-களில் நடத்திப் பார்த்த முறை இங்கிலாந்துக்குப் போய், ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரபலமாகியிருந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைத்தான் அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக அவன் திரும்பி வந்தான்.

அந்த உபதேசியார்–வாத்தியாரின் வாழ்க்கையை ரொம்ப அழகாகக் கற்பனை செய்ய வேண்டாம். சம்பளம் குறைவு. நியமிப்பதும் நீக்குவதும் மிஷனரி. குறிப்பிட்ட நாளில் மிஷன் வீட்டுக்கு நடந்து போய் அறிக்கை சொல்ல வேண்டும். அவரும் அவர் மாணவர்களும் பெரும்பாலும் அன்றைய சமூகம் எழுத்திலிருந்து தள்ளி வைத்திருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். இதுதான் அந்த வேலையை ஆபத்தானதாக்கியது. தோள்சீலைப் போராட்டக் காலத்தில், 1828 முதல் 1830 வரை, கோயில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. மறுபடி 1858–59-லும் கலவரம். 1859 ஜூலையில் அரசு அறிவிப்பு வந்துதான் பெண்கள் மேலாடை அணிவதற்கு ஓரளவு அனுமதி கிடைத்தது. எரித்தவர்கள் கோயில் வேறு பள்ளி வேறு என்று பார்க்கவில்லை. அவர்கள் கணக்கிலும் இரண்டும் ஒன்றுதான்.

பெண்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1819-ல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் வந்த மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். லேஸ் பின்னலையும் அங்கேதான் கற்றுக்கொடுத்தார். அங்கே படித்த பெண்களுக்குப் போதகர் பணிக்கான பாதை கிடையாது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்ததே 1970-களில்தான். ஆகவே அவர்களுக்கு இருந்த ஒரே ‘ஊழியம்’ ஆசிரியை வேலை, அல்லது வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டும் வேதாகமப் பெண்ணின் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தனை ‘டீச்சரம்மா’க்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆணுக்கு ரெண்டு வாசல், பெண்ணுக்கு ஒன்று. அந்த ஒன்றிலேயே அவர்கள் கூட்டமாக நுழைந்தார்கள்.

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். இதை முழுக்க மிஷன் கணக்கில் எழுதக் கூடாது. திருவிதாங்கூர் அரசின் பங்கு பெரியது. 1817-லேயே கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ராணி பார்வதி பாய் ஆணை பிறப்பித்திருக்கிறார். ஆனால் அந்த அரசும் ஆள் தேடி நாகர்கோவிலுக்குத்தான் வந்தது. இங்கே பள்ளி நடத்திய ஜான் ராபர்ட்ஸ் என்பவரை சுவாதித் திருநாள் மகாராஜா அழைத்து 1834-ல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்க வைத்தார். இன்றைய யுனிவர்சிட்டி காலேஜின் வேர் அது. மீட்டின் கதையும் அதே திசையில்தான் முடிகிறது. இந்தியக் கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்ததால் எழுந்த எதிர்ப்பில் மிஷனை விட்டு விலகினார். திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டது. செமினரியைத் தொடங்கியவரே அரசுக் கல்வி அதிகாரியாக முடிந்தார்!

இரண்டும் பிரிந்தது எப்படி? சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால் போதும்.

1854-ல் உட்ஸ் அறிக்கை வந்தது. தனியார் பள்ளிக்கு அரசு மானியம் தரும், ஆனால் பள்ளியில் நடக்கும் மதபோதனையை இன்ஸ்பெக்டர் கண்டுகொள்ள மாட்டார். மற்ற பாடங்களை மட்டும்தான் சோதிப்பார். ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் வேண்டும் என்றது. இது பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது; திருவிதாங்கூர் பின்னால் தன் வழியில் இதே பாதைக்கு வந்தது. விளைவு எளிமையானது. மானியம் வேண்டுமென்றால் சர்டிபிகேட் உள்ள ஆசிரியர் வேண்டும். சர்டிபிகேட்டில் வேதாகமத்துக்கு மதிப்பெண் கிடையாது. நல்ல உபதேசியாராக இருப்பது இனி வாத்தியார் தகுதி ஆகாது. சைதாப்பேட்டை, தைக்காடு போன்ற பயிற்சிக் கல்லூரிகள் வளர்ந்தன. எல்.டி. வந்தது, அது பி.டி. ஆனது, பி.டி. பி.எட். ஆனது.

மறுபக்கம் சபையும் தன் தேவைக்கு வேறு படிப்பைத் தேடியது. 1860-கள் வரை தென்திருவிதாங்கூர் லண்டன் மிஷனில் உள்ளூர்ப் போதகர்களுக்கு முறையான குருப்பட்டம் கிடைக்கவில்லை. மிஷன் தொடங்கி அறுபது வருஷம்! தரங்கம்பாடியில் ஆரோனுக்கு 1733-லேயே கிடைத்ததை இதோடு ஒப்பிட்டால் தாமதம் புரியும். உபதேசியாராக, வாத்தியாராக எத்தனை வருஷம் உழைத்தாலும் திருவிருந்து கொடுக்கும் அதிகாரம் வெள்ளைக்காரரிடமே இருந்தது. அதனால் போதகருக்கான தனிப் படிப்பு என்பது உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் பாடத்திட்ட மாற்றம் மட்டும் இல்லை, சமத்துவத்துக்கான வழியும்கூட.

1893-ல் நாகர்கோவில் செமினரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியானது. நன்கொடை தந்த செப்டிமஸ் ஸ்காட்டின் பெயரால் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. பெயரில் கிறிஸ்தவம் இருந்தாலும் கொடுத்தது பல்கலைக்கழகப் படிப்பு. இறையியல் உயர்படிப்பு ஊரைவிட்டு வெளியேறியது. 1910-ல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி. லண்டன் மிஷனும் அதில் பங்காளி. செராம்பூர் தன் பழைய சாசனத்தைத் தூசு தட்டி 1915-ல் முதல் இறையியல் பி.டி. பட்டங்களை வழங்கியது, 1918-ல் வங்காளச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. 1943-ல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் ஒரு செமினரி. 1969-ல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. அங்கே தமிழிலேயே படிக்கலாம், அது பெரிய விஷயம். நாகர்கோவிலில் மிஞ்சியது லுத்தரன்களின் கன்கார்டியா செமினரி, 1924-ல் தொடங்கியது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, 1959-ல் சி.எஸ்.ஐ. கன்னியாகுமரி பேராயம் தனியானது. பேராயம் போதகர் பணிக்குத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை இப்படி வெளியூர்க் கல்லூரிகளுக்குத்தான் அனுப்பும்.

அரசியலமைப்பு இந்தப் பிரிவினையை இன்னும் தெளிவாக்கியது. பிரிவு 30 சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நடத்தும் உரிமை தருகிறது. பிரிவு 28 சொல்வது, அரசு உதவி பெறும் பள்ளியில் மாணவரின், சிறுவராக இருந்தால் பெற்றோரின், சம்மதம் இல்லாமல் மதபோதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. அதாவது பள்ளி சபையுடையதாக இருக்கலாம், வகுப்பறை எல்லோருக்கும் உரியது. இது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. மிஷனரியின் முகத்தைப் பார்த்து வேலையைக் காப்பாற்றிக்கொண்ட அந்தப் பழைய வாத்தியாரின் நிலைமைக்கு யாரும் திரும்பிப் போக ஆசைப்பட மாட்டார்கள்.

இப்போ நடைமுறைக்கு வருவோம்.

பி.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் கட்டுப்பாட்டில் உள்ள படிப்பு. 1993 சட்டம். டிகிரிக்குப் பிறகு 2 ஆண்டு, அதில் 20 வாரம் பள்ளியில் நேரடிப் பயிற்சி. இந்த அமைப்பு 2014 விதிமுறைகளில் வந்தது. கல்லூரி மார்த்தாண்டத்திலுள்ள கிறிஸ்தவக் கல்வியியல் கல்லூரியாகவே இருந்தாலும், பாடத்திட்டம் சென்னையில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடையது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க டெட் தேர்வும் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு டெட் பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. ஆக ‘நம்ம சபை ஸ்கூல்தானே’ என்று டெட் எழுதாமல் இருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

இறையியல் பி.டி. செராம்பூர் செனட்டின் கீழ் நடப்பது. பட்டதாரிகளுக்கு 4 ஆண்டு, அதன்மேல் எம்.டிஎச். இதற்கு வெளியே எம்.டிவ். தரும் செமினரிகள் பல உண்டு. சில ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவை. அது சபைகளுக்கும் செமினரிகளுக்கும் இடையிலான அங்கீகாரம், அரசு அங்கீகாரம் அல்ல. படிப்பின் தரம் நன்றாகவே இருக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் பி.டி.யோ எம்.டிவ்.வோ எதுவுமே பள்ளி ஆசிரியர் தகுதி ஆகாது. ‘கிறிஸ்தவக் கல்வி’ என்ற பெயரில் ஒரு செமினரி பட்டம் கொடுத்தாலும் அது பி.எட். அல்ல. இதைச் சேருவதற்கு முன்னாடியே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. போதகர் வேலைக்கும் அதேபோல, நீங்கள் சார்ந்த சபை எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்று கேட்ட பிறகுதான் செமினரியைத் தேட வேண்டும், தலைகீழாக அல்ல.

இரண்டையும் ஒருசேர வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கத்தோலிக்க அருட்சகோதரிகளைப் பாருங்கள். துறவற வார்த்தைப்பாடும் கொடுத்திருப்பார்கள், பி.எட்.டும் முடித்திருப்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்து, சம்பளத்தை அப்படியே சபைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா? திருச்சபைச் சட்டப்படி அவர்களுக்குச் சொந்தச் சொத்து இல்லை, ஆகவே வருமானம் அவர்களுடையதல்ல என்பது சபைகளின் வாதம். வழக்கு தமிழ்நாட்டிலிருந்துதான் போனது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் வரி பிடிக்கலாம் என்றே முடிவு செய்தன. அரசு சம்பளம் கொடுப்பது ஆசிரியைக்கு. அவர் அதை யாரிடம் கொடுக்கிறார் என்பது அவர் விஷயம். ஒரே உடம்பில் இருந்தாலும் சட்டம் துறவியையும் டீச்சரையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது.

பிரிவினையால் பள்ளிக்கு லாபம், சரி. சபைக்கு? இங்கேதான் எனக்கு மனக்குறை. செமினரியில் எபிரெயு, கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிரசங்கக்கலை எல்லாம் உண்டு. கிறிஸ்தவக் கல்விக்கும் இடம் உண்டு, ஆனால் பலவற்றில் ஒன்றாக. பி.எட். மாணவர் வாரக்கணக்கில் வகுப்பறையில் நின்று, பாடக்குறிப்பு எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் திட்டு வாங்கிக் கற்கிற விஷயம் — பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்வது எப்படி — போதகருக்கு அந்த அளவில் கிடைப்பதில்லை. நாற்பது நிமிஷப் பிரசங்கத்தில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளைக் கவனித்தாலே தெரியும்.

ஆனால் ஞாயிறு பள்ளியை நடத்துகிறவர்களில் பாதிப் பேர் வாரநாளில் டீச்சர்கள். அவர்களுக்குக் கற்பிக்கத் தெரியும், இறையியல் படிப்பு இல்லை. வேலையை விடாமல் படிக்க செராம்பூர் நடத்தும் பி.சி.எஸ். என்ற வெளிமாணவர் பட்டம் இருக்கிறது. 1971 முதல் பெங்களூரில் இயங்கும் டாப்டீ விரிவாக்கக் கல்வியும் இருக்கிறது. இவை ஊழியத்துக்குக் குருப்பட்டம் தராது, சம்பள உயர்வும் தராது. பி.எட். முடித்து வேலையில் இருக்கும் ஒருவர் இதில் சேர்ந்தால், செலவு குறைவு, வேலைக்கும் ஆபத்தில்லை. ‘ரெண்டையும் சேர்த்து முடிக்க வழி உண்டா’ என்று கேட்கிறவர்களுக்கு, முதலில் பி.எட்., அப்புறம் பி.சி.எஸ். என்ற வரிசையைத்தான் நான் சொல்வேன். போதகராகவே ஆக வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் பேராய அலுவலகத்தில் இந்த வருஷம் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.